குந்தி எழும்பினால் நாரி நோவு: எதை மாற்றுவது, எதை விடாதிருப்பது

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்தில் குந்தாமல் ஒரு நாளைக் கழிப்பது எளிதல்ல. விடியற்காலையில் கழிப்பறை, கிணற்றடியில் சட்டி பானை, திருவலையில் தேங்காய், அடுப்படியில் மீன் வெட்டுவது, தோட்டத்தில் களை, வாவிக்கரையில் கிழிந்த வலை, பள்ளிவாசலில் ஒளு, திண்ணையில் பன்பாய் இழைப்பது என்று பொழுது சாயும்வரை உடம்பு மடிந்து மடிந்து எழும்பிக்கொண்டே இருக்கிறது. குந்தும்போது நாரி, அதாவது கீழ்முதுகு, நோகத் தொடங்கிவிட்டால் ஒவ்வொரு வேலையிலும் அந்த நோவு குறுக்கே வந்து நிற்கிறது.

பெரும்பாலானோர் இதைச் சில நாள் பொறுத்துக்கொள்கிறார்கள். பிறகு பார்மசியில் மாத்திரை, அதன் பிறகு எண்ணெய், பெல்ட், ஊசி. மாதங்கள் ஓடியும் குறையாதபோது யாராவது ஒருவர் கடைசி அறிவுரையைச் சொல்லிவிடுகிறார்: “இனிமேல் குந்தவே வேண்டாம்.”

இந்த அறிவுரையோடு எனக்கு உடன்பாடில்லை. சில வாரங்களுக்கு ஆழக் குந்துவதைக் குறைத்துக்கொள்ளச் சொன்னால் அது நியாயம். ஆனால் ‘இனிமேல்’ என்று சொல்லும்போது, கூலிக்குக் களை பிடுங்கும் ஒரு பெண்ணிடம் வருமானத்தை விடச் சொல்கிறோம். அதைவிட, மடக்காமல் வைத்திருக்கும் இடுப்பும் முழங்காலும் சில மாதங்களில் இன்னும் இறுகிப்போகின்றன, தொடைத் தசை மெலிகிறது, அடுத்த முறை தவிர்க்க முடியாமல் குந்த நேரும்போது நாரிக்கு முன்பைவிட அதிகப் பாரம் விழுகிறது. எவ்வளவு நேரம் குந்துகிறோம், எந்த நேரத்தில் குந்துகிறோம், கணுக்காலும் இடுப்பும் எவ்வளவு மடிந்து கொடுக்கின்றன, எழும்பியவுடன் எதைத் தூக்குகிறோம் என்பவைதான் கவனிக்க வேண்டியவை. இவை நான்கும் மாற்றக்கூடியவை.

மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் நோவை மருத்துவம் நாட்பட்ட நோவு என்கிறது. உலக சுகாதார ஸ்தாபனத்தின் கணக்குப்படி 2020-இல் உலகில் 61.9 கோடிப் பேருக்கு நாரி நோவு இருந்தது. 2050-இல் அது 84.3 கோடியாகும் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். இவர்களில் ஏறக்குறைய 90 சதவீதத்தினருக்கு, இதுதான் காரணம் என்று ஸ்கேனில் விரல் வைத்துக் காட்டக்கூடிய ஒற்றை நோய் கிடையாது. அதனால் நோவு பொய் என்று ஆகிவிடாது. தசை, மூட்டு, தசைநார், நரம்பு, தூக்கம், கவலை என்று பல இழைகள் சேர்ந்தே அந்த நோவை உண்டாக்குகின்றன என்பதுதான் பொருள்.

குந்தும்போது உள்ளே நடப்பது

நிற்கும்போது நாரியின் ஐந்து முள்ளெலும்புகளும் முன்பக்கமாகச் சற்று வளைந்திருக்கும். குந்தத் தொடங்கியதும் இடுப்பு மூட்டு, முழங்கால், கணுக்கால் மூன்றும் சேர்ந்து மடிகின்றன. அடியாழத்துக்குப் போகும்போது இடுப்பு மூட்டு தன் எல்லையைத் தொடுகிறது. அதற்கு மேலும் இறங்க வேண்டுமானால் இடுப்பெலும்பு பின்பக்கமாகச் சுருண்டு, நாரியின் இயல்பான வளைவு தட்டையாகி, பிறகு எதிர்ப்பக்கமாக வளைகிறது. இது எல்லோருக்கும் நடப்பது. ஆரோக்கியமான நாரி இதைப் பொருட்படுத்துவதே இல்லை.

மூன்று மூட்டுகளில் ஏதாவது ஒன்று போதிய அளவு மடியாதபோதுதான் சிக்கல் வருகிறது. அது கொடுக்க வேண்டிய பங்கையும் நாரியே கொடுக்க வேண்டியிருக்கிறது. இந்த மூன்றில் அதிகம் மறக்கப்படுவது கணுக்கால். எப்போதோ பந்தடிக்கும்போது சுளுக்கியது, வருடக்கணக்கில் கதிரையில் இருந்து பார்த்த வேலை, இறுகிய கெண்டைக்கால் ஆகியவை முழங்கால் முன்னோக்கிப் போவதைத் தடுக்கின்றன. முழங்கால் போகாவிட்டால் குதிக்கால் நிலத்தை விட்டு எழும்பும். குதிக்காலை ஊன்றியே குந்தினால் பின்னால் விழாமலிருக்க உடல் முழுவதும் முன்னே சாயும். அந்தச் சாய்வின் பாரம் நாரியில் விழுகிறது.

இதை வீட்டிலேயே சோதிக்கலாம். சுவரைப் பார்த்து நின்று ஒரு காலை முன்னே வைத்து, குதிக்கால் எழும்பாமல் முழங்காலால் சுவரைத் தொட வேண்டும். பெருவிரலுக்கும் சுவருக்கும் இடையில் 10 சென்ரிமீற்றர் இருக்கும்போதும் முழங்கால் சுவரைத் தொட்டால் கணுக்கால் நன்றாக இருக்கிறது. நான்கைந்து சென்ரிமீற்றரிலேயே குதிக்கால் எழும்பிவிட்டாலோ, இரண்டு காலுக்கும் பெரிய வித்தியாசம் இருந்தாலோ, நாரிக்கு எண்ணெய் பூசுவதற்கு முன் கெண்டைக்காலை இளக்குவது நல்லது. சோதித்த அதே நிலையே பயிற்சியும்கூட: நாளுக்கு இரண்டு மூன்று தடவை, ஒவ்வொரு காலுக்கும் ஒன்றிரண்டு நிமிடம். கணுக்கால் இளகும்வரை குதிக்காலின் கீழ் இரண்டு மூன்று சென்ரிமீற்றர் தடிப்புள்ள பலகைத் துண்டு ஒன்றை வைத்துக் குந்தலாம். நெஞ்சு நிமிர்வதை அந்தக் கணமே உணர முடியும். கிணற்றடியில் அப்படி ஒரு பலகையைப் போட்டுவைக்கச் செலவே இல்லை.

இடுப்புக் குழியின் ஆழமும் கோணமும் ஆளுக்கு ஆள் பிறப்பிலேயே வேறுபடுகின்றன. பாதங்களைச் சேர்த்து வைத்துக் குந்த முடியாத ஒருவர், பாதங்களை அகட்டி வெளிப்பக்கமாகத் திருப்பினால் சுலபமாக இறங்கிவிடுவார். குந்தும்போது முன்பக்கம், தொடை இடுக்கில் கிள்ளுவது போல் நொந்தால் அது பெரும்பாலும் இடுப்பு மூட்டின் நோவு. நாரியை எவ்வளவு தேய்த்தாலும் அது போகாது.

குந்துவதே டிஸ்க்கை, அதாவது முள்ளெலும்புகளுக்கு இடையே மெத்தைபோல் இருக்கும் தட்டை, கெடுக்கும் என்பாருக்கு ஒரு பழைய ஆய்வைச் சொல்லலாம். 1965-இல் கனடாவைச் சேர்ந்த ஃபார்னி, ட்ரூமன் என்ற இருவர் வட அமெரிக்க மக்களின் முதுகெலும்பு எக்ஸ்ரேக்களை, குந்தியே வாழ்ந்து பழகிய இந்திய மக்கள் பிரிவு ஒன்றின் எக்ஸ்ரேக்களோடு ஒப்பிட்டார்கள். டிஸ்க் இடைவெளி குறுகுவது குந்தி வாழ்ந்தவர்களிடம் குறைவாகவே காணப்பட்டது. குந்தினால் நோவு வராது என்பதற்கு இது நிரூபணம் அல்ல. நடை, உழைப்பு, உணவு எல்லாமே அந்த இரு மக்களுக்கும் வேறு. ஆனால் குந்துவதை மட்டும் குற்றவாளியாக நிறுத்துவதற்கு இடமில்லை.

விடியற்காலையும் திருவலையும்

டிஸ்க்குகள் இரவில் படுத்திருக்கும்போது நீரை உறிஞ்சி வீங்குகின்றன. காலையில் நாம் மாலையைவிட 1 முதல் 2 சென்ரிமீற்றர் வரை உயரமாக இருப்பது அதனால்தான். எழும்பி நடமாடத் தொடங்கிய முதல் ஒரு மணித்தியாலத்திலேயே அந்த மேலதிக உயரத்தில் ஏறக்குறைய பாதி குறைந்துவிடுகிறது. வீங்கிய டிஸ்க் வளைய மறுக்கும். 1987-இல் ஆடம்ஸ், டோலன், ஹட்டன் ஆகியோர் வெளியிட்ட ஆய்வின்படி, அதிகாலையில் முன்னே குனியும்போது டிஸ்க்கின் மீது விழும் வளைவு அழுத்தம், பகலின் பிற்பகுதியைவிட ஏறக்குறைய 300 சதவீதம் கூடுதல். தசைநார்கள் மீது 80 சதவீதம் கூடுதல். 1998-இல் ஸ்னூக் என்ற அமெரிக்க ஆய்வாளர், நாட்பட்ட நாரி நோவு உள்ளவர்களை எழும்பிய முதல் இரண்டு மணித்தியாலம் குனியாமல் இருக்கப் பழக்கினார். அந்த ஒரே மாற்றத்தில் அவர்களின் நோவு குறிப்பிடத்தக்க அளவு குறைந்தது.

இப்போது நம் வீடுகளின் அதிகாலை ஐந்து மணியைப் பாருங்கள். பிட்டுக்கு மா குழைத்தாகிவிட்டது, தேங்காய்ப்பூ வேண்டும். திருவலையின் பலகை நிலத்திலிருந்து ஒரு சாண் உயரம்கூட இல்லை. ஒரு காலை மடித்து, மறு காலைச் சற்று நீட்டி, உடல் ஒருபக்கம் சரிந்திருக்க, பாதித் தேங்காயை இரண்டு கைகளாலும் பல்லின் மேல் அழுத்தித் திருப்ப வேண்டும். ஒவ்வொரு அழுத்தலுக்கும் தோள் முன்னே போகிறது, நாரி வளைகிறது, கூடவே ஒரு முறுக்கு. ஒரு முழுத் தேங்காய்க்கு இந்த அசைவு நூறு தடவையைத் தாண்டும். வளைவு, முறுக்கு, அழுத்தம் மூன்றையும் நாரி அதிகம் இறுகியிருக்கும் நேரத்திலேயே கேட்கும் வேலை இது. இதற்கு அரை மணி நேரம் முன்னர்தான் கழிப்பறையில் குந்தி எழும்பியிருப்பார்கள். பிறகு கிணற்றடி. “காலையில்தான் உயிர் போகிறது, பத்து மணிக்குப் பிறகு பரவாயில்லை” என்று சொல்லும் பெண்கள் நம்மிடையே இத்தனை பேர் இருப்பதில் வியப்பில்லை.

மேசை விளிம்பில் பொருத்தும் திருவலை கடைகளில் கிடைக்கிறது. அதை வாங்க வசதியில்லாவிட்டால், காலைத் தேங்காயை வீட்டில் நோவில்லாத இன்னொருவர் திருவட்டும். கணவருக்கும் வளர்ந்த மகனுக்கும் தெரியாத வித்தை அல்ல அது. இதை நான் அழுத்திச் சொல்வேன். நாரி நோவுக்கு மாத்திரை வாங்கிக் கொடுக்கும் வீட்டில், அந்த நோவை நாளாந்தம் புதுப்பிக்கும் வேலையை யாரும் கைமாற்றிக்கொள்ளாதிருப்பது சரியல்ல.

கழிப்பறையைக் கைமாற்ற முடியாது. எழும்பியவுடன் நேரே போகாமல் பத்துப் பதினைந்து நிமிடம் முற்றத்தில் நடக்கலாம். சுவரில் ஒரு கைபிடி அடித்துவிட்டால் இறங்கும்போதும் எழும்பும்போதும் பாரத்தின் ஒரு பங்கைக் கை ஏற்கும். முக்குவது வயிற்றுக்குள்ளும் டிஸ்க்கிலும் அழுத்தத்தைக் கூட்டும். போதிய தண்ணீர், கீரை, பழம் என்று மலச்சிக்கலைத் தீர்ப்பது நாரிக்கும் வைத்தியம்தான். நோவு கடுமையாக இருக்கும் வாரங்களில் கதிரைபோல் உட்காரும் கொமட் கழிப்பறையைப் பயன்படுத்துவதில் தவறில்லை.

நேரம் செய்யும் வேலை

அடுத்தது, தொடர்ந்து மடிந்திருக்கும் நேரம். நாரி முழுவதுமாக வளைந்துவிட்டால் முதுகுத் தசைகள் ஓய்ந்துவிடுகின்றன. பாரம் தசைநார்களிடம் போகிறது. தசைநார் மெதுவாக நீளும் இயல்புடையது. ஈரத் துணி தொங்கிய கொடிக்கயிறு துணியை எடுத்த பிறகும் சற்று நேரம் தொய்ந்தே கிடப்பது போல, அது உடனே பழைய நீளத்துக்குத் திரும்புவதில்லை. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் ஸ்டூவர்ட் மெக்கில், பிரவுன் ஆகியோர் 1992-இல் இதை அளந்தார்கள். 20 நிமிடம் முழுமையாக வளைந்திருந்தவர்களின் நாரியில் ஏற்பட்ட தொய்வில் பாதி முதல் இரண்டு நிமிடத்திலேயே மீண்டுவிட்டது. ஆனால் 30 நிமிடம் கழித்தும் மீதி முழுதாகத் தீரவில்லை.

இந்த இரண்டு உண்மைகளும் வயலுக்கும் தோட்டத்துக்கும் நேராகப் பொருந்துகின்றன. கரையோர மணல் நிலத்தில் கச்சான் பிடுங்கும்போதும், களுதாவளைப் பக்கத்து மரக்கறித் தோட்டங்களில் களை எடுக்கும்போதும், வரிசை முடியும்வரை எழும்பாமல் நகர்ந்து நகர்ந்து போவதுதான் வழக்கம். வரிசையின் முடிவில் எழும்பிய கையோடு நிறைந்த கடகத்தையோ சாக்கையோ தூக்குகிறார்கள். தசைநார் தொய்ந்து, தசை இன்னும் விழிக்காத அந்தச் சில நிமிடங்கள்தான் நாரிக்குப் பாதுகாப்புக் குறைந்த நேரம். “கச்சான் பிடுங்கும்போது ஒன்றுமில்லை, சாக்கைத் தூக்கியதும் பிடித்துவிட்டது” என்று சொல்பவர்கள் சாக்கின் பாரத்தைக் குறை சொல்கிறார்கள். அதற்கு முந்திய ஒரு மணித்தியாலக் குந்துக்கும் அதில் பங்கு உண்டு.

பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை எழும்பி, கைகளை இடுப்பில் ஊன்றி ஐந்தாறு தடவை மெதுவாகப் பின்னே சாய்ந்து, தண்ணீர் குடித்துவிட்டு வந்தால் இழக்கும் நேரம் மிகக் குறைவு. சாக்கை அடுத்த வேலையாக வைக்காமல் சற்று நடந்துவிட்டுத் தூக்க வேண்டும். முடிந்தால் ஒரு பெரிய சாக்கை இரண்டாகக் கட்ட வேண்டும். மணை ஒன்றில் இருந்து களை எடுப்பது முழுக்குந்தைவிட இடுப்புக்கு இலகு. கூலி வேலையில் இதற்கெல்லாம் கங்காணி இடம் கொடுப்பாரா என்பது நியாயமான கேள்வி. நோவோடு வேலை செய்பவர் மத்தியானத்துக்குப் பிறகு பாதி வேகத்தில்தான் செய்வார் என்பதைத் தோட்டக்காரரும் கணக்கில் எடுக்கட்டும்.

எல்லா நாரி நோவும் ஒன்றல்ல

மேலே சொன்னவை பெரும்பாலும் வளைவைத் தாங்காத நாரிக்கு உரியவை: குந்தும்போது, குனியும்போது, நெடுநேரம் மோட்டார் சைக்கிளில் இருக்கும்போது, இருமும்போது கூடும், நடந்தால் குறையும். லேண்ட்மாஸ்டர் என்ற இருசக்கர உழவு இயந்திரத்தை ஓட்டுபவர்களுக்கு அதிர்வும் சேர்ந்துகொள்கிறது.

இதற்கு நேர் எதிரான நோவு ஒன்று முதியவர்களிடம் உண்டு. சந்தைக்குப் போய் மரக்கறிப் பையோடு பஸ் தரிப்பிடத்துக்கு நடக்கும் பெரியவர் ஒருவர், பாதி வழியில் இரண்டு காலும் கனத்து, மரத்து, மேலே போக முடியாமல் ஓரமாகக் குந்திவிடுகிறார். இரண்டு மூன்று நிமிடத்தில் கால் தெளிகிறது, எழும்பி நடக்கிறார், மறுபடி அதே கதை. வயதோடு நரம்புக் குழாய் குறுகுவதால் வருவது இது. நிமிர்ந்து நிற்கும்போது குழாய் இன்னும் ஒடுங்கும், குந்தினால் அகலும். அதனால்தான் இவர்களுக்குக் குந்துவது ஆறுதல். சைக்கிள் ஓட்டவும் இவர்களால் முடியும், ஏனெனில் அப்போது உடல் முன்னே சாய்ந்திருக்கிறது. இவர்களிடம் போய்க் குந்த வேண்டாம் என்பது இருக்கும் ஒரே நிம்மதியையும் பறிப்பதாகும். குந்தத் தேவையில்லாமல் சும்மா நின்றாலே கால் வலி தீர்கிறது என்றால், அது காலின் இரத்தக் குழாய் அடைப்பாக இருக்கலாம். புகைப்பவர்களும் நீரிழிவு உள்ளவர்களும் அதைத் தனியே காட்ட வேண்டும்.

குழந்தை பெற்ற சில மாதங்களில் பெண்களுக்கு இடுப்பின் பின்பக்கக் குழிக்கு அருகே, ஒரு பக்கத்தில் மட்டும் நோவு வருவதுண்டு. குந்தி எழும்பும்போதும் படுக்கையில் புரளும்போதும் குத்தும். இது பெரும்பாலும் இடுப்பெலும்பு மூட்டில் இருந்து வருவது; இடுப்புத் தசைகளைப் பலப்படுத்தினால் நன்றாகக் கேட்கும். இளம் வயதினர் விடயத்தில் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். நாற்பது வயதுக்குள் மெல்ல மெல்லத் தொடங்கி, காலையில் அரை மணித்தியாலத்துக்கு மேல் விறைத்திருந்து, ஓய்வெடுத்தால் கூடி, நடமாடினால் குறைந்து, பின்னிரவில் எழுப்பும் நோவு, முதுகெலும்பைத் தாக்கும் வாத நோயாக இருக்கலாம். வருடக்கணக்கில் ‘பிடிப்பு’ என்று தேய்த்துக்கொண்டே காலம் கடத்தப்படும் நோய் இது. வாத நோய் வைத்திய நிபுணர் பார்க்க வேண்டும்; நல்ல மருந்துகள் இருக்கின்றன.

ஸ்கேனில் எழுதியிருப்பது

நோவு நீடித்தால் கடன் பட்டாவது எம்.ஆர்.ஐ. எடுக்கிறார்கள். ‘டிஸ்க் விலகல்’ என்ற சொல்லைப் படித்த அன்றிலிருந்து பலர் தங்கள் முதுகு உடைந்த பொருள் என்று நம்பத் தொடங்குகிறார்கள். 2015-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, நாரி நோவே இல்லாத 3,110 பேரின் ஸ்கேன்களைத் திரட்டிப் பார்த்தது. இருபது வயதினரில் 37 சதவீதத்தினருக்கும், எண்பது வயதினரில் 96 சதவீதத்தினருக்கும் டிஸ்க் தேய்வு இருந்தது. டிஸ்க் பிதுக்கம் இருபது வயதில் 30 சதவீதம், எண்பதில் 84 சதவீதம். இவர்கள் யாருக்கும் நோவில்லை. நரை விழுவது போன்ற மாற்றங்களும் அந்த அறிக்கையில் நோயின் பெயரோடு எழுதப்பட்டிருக்கும். பிதுங்கிய டிஸ்க்குகளில் பெரும்பாலானவை மாதக்கணக்கில் தாமாகவே சுருங்கியும் விடுகின்றன. கால் பலவீனமோ, கீழே சொல்லப்போகும் ஆபத்து அறிகுறிகளோ இல்லாதவர் முதல் ஆறு வாரத்துக்குள் ஸ்கேனுக்கு ஓடத் தேவையில்லை.

மாத்திரை பற்றி இதைவிடக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆவுஸ்திரேலியாவில் 1,600-க்கும் மேற்பட்டோரிடம் நடத்தி 2014-இல் வெளியிட்ட ஆய்வில், புதிதாக வந்த நாரி நோவு குணமாகும் வேகத்தில் பரசிட்டமோலுக்கும் வெற்று மாத்திரைக்கும் வித்தியாசம் காணப்படவில்லை. டைக்ளோபெனக், இபுபுரூபன் வகை மாத்திரைகள் சிலருக்குச் சில நாள் உதவும். ஆனால் அவை இரைப்பையைப் புண்ணாக்கும், இரத்த அழுத்தத்தை ஏற்றும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். வெயிலில் வியர்த்து, தண்ணீர் போதாமல் வேலை செய்யும் உடம்பில் அந்தக் கெடுதி இன்னும் கூடுகிறது. காரணம் முழுதாகத் தெரியாத சிறுநீரக நோய் இலங்கையின் உலர் வலய விவசாயிகளைத் தாக்கிவருகிறது. அம்பாறை மாவட்டத்தின் மேற்குப் பகுதிகளும் அதில் அடங்கும். அப்படியிருக்க, சீட்டு இல்லாமல் வாங்கிய நோவு மாத்திரையை விழுங்கிவிட்டு வயலுக்கு இறங்கும் பழக்கத்தை நாம் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. பெயர் எழுதாத பொட்டலத்தில் கலந்து தரும் மாத்திரைகளை வாங்கவே வேண்டாம்.

உலக சுகாதார ஸ்தாபனம் 2023 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டல், நாட்பட்ட நாரி நோவுக்கு இடுப்புப் பெல்ட், இழுவைச் சிகிச்சை, அல்ட்ராசவுண்ட், மின்தூண்டல் ஆகியவற்றை வழமையாகக் கொடுக்க வேண்டாம் என்கிறது. உடற்பயிற்சி, நோவைப் பற்றிய தெளிவு, தேவையானால் உளவியல் ஆதரவு, மசாஜ் ஆகியவற்றை ஆதரிக்கிறது. நம் எண்ணெய்த் தடவலும் ஒத்தடமும் அந்த அளவில் தாராளமாக இருக்கலாம். உடம்பு இளகி, பயம் குறைந்து, நடக்க வைத்தால் அது நல்ல வைத்தியம். காலில் மரப்போ பலவீனமோ உள்ளவரையும், எலும்பு தேய்ந்த முதியவரையும் யாரும் மடக்கி முறித்து எடுக்க விடக் கூடாது.

மீண்டும் குந்தப் பழகுவது

குந்துவதைப் படிப்படியாகத் திரும்பப் பெற வேண்டும். முதலில் கதிரை. கைகளை ஊன்றாமல் கதிரையில் இருந்து எழும்பி, மெதுவாக மூன்று எண்ணும்வரை இறங்கி இருக்க வேண்டும். பத்துத் தடவை, சற்று ஓய்வு, மறுபடி. நோவில்லாமல் இது கைகூடிய பிறகு தாழ்ந்த பிளாஸ்டிக் ஸ்டூல். அதன் பிறகு மணை. கடைசியில் யன்னல் கம்பியையோ கிணற்றுக் கட்டையோ பிடித்துக்கொண்டு முழுக்குந்து, முதலில் சில விநாடிகள் மட்டும். ஒவ்வொரு படிக்கும் ஒன்றிரண்டு வாரம் ஆகலாம். சிலருக்கு மாதமும் ஆகும். அவசரமில்லை.

இடுப்பால் மடிவதற்கும் நாரியால் வளைவதற்கும் உள்ள வித்தியாசத்தை ஒரு தும்புத்தடி கற்றுக்கொடுக்கும். தடியை முதுகோடு நெடுக்காகப் பிடித்தால் தலையின் பின்புறம், தோள்பட்டைகளின் நடு, வாலெலும்பு மூன்றும் தடியில் பட வேண்டும். மூன்றில் ஒன்றும் விலகாமல், பின்பக்கத்தைப் பின்னே தள்ளிக் குனிய வேண்டும். தடி விலகும் இடம்தான் நாரி தன் பங்குக்கு மேல் கொடுக்கத் தொடங்கும் இடம். குடத்தைத் தூக்குவதற்கும் குழந்தையைத் தூக்குவதற்கும் இந்த மடிப்பு போதும். அதற்கெல்லாம் ஆழக் குந்த வேண்டியதில்லை.

நடுவுடலின் பலத்துக்கு மெக்கில் சொல்லும் மூன்று பயிற்சிகள் பாயில் செய்யக்கூடியவை. மல்லாந்து படுத்து, ஒரு காலை மடித்து, கைகளை நாரியின் கீழ் வைத்துத் தலையையும் தோளையும் மட்டும் சற்றே உயர்த்துவது ஒன்று. பக்கவாட்டில் படுத்து, முழங்கையிலும் முழங்காலிலும் ஊன்றி இடுப்பை எழுப்புவது இன்னொன்று. கைகளையும் முழங்கால்களையும் நிலத்தில் ஊன்றி நின்று, ஒரு கையையும் எதிர்க்காலையும் நீட்டுவது மூன்றாவது. ஒவ்வொன்றும் பத்து விநாடிக்கு மேல் வேண்டாம். எழும்பிய முதல் மணித்தியாலத்தில் செய்ய வேண்டாம்.

பயிற்சியின்போது இலேசாக நொந்தால் நிறுத்தத் தேவையில்லை. மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்கு வந்துவிட்டால் அளவு சரி. மறுநாளும் கூடியே இருந்தால் எண்ணிக்கையைப் பாதியாக்க வேண்டும். கூடவே நடை. 2024-இல் வெளியான ஆவுஸ்திரேலிய ஆய்வு ஒன்றில், நாரி நோவிலிருந்து மீண்ட 701 பேரில் வழிகாட்டலோடு நடந்தவர்களுக்கு நோவு திரும்பி வர இடைநிலையாக 208 நாட்கள் எடுத்தன. நடைத் திட்டம் இல்லாதவர்களுக்கு 112 நாட்கள். கதிர்காமத்துக்குக் காடு தாண்டிக் கால்நடையாகப் போகும் வழக்கமுள்ள மண்ணில் நடையை யாரும் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை.

மாதக்கணக்கில் நீடித்த நோவில் நரம்புகளும் மாறிவிடுகின்றன. சிறிய அசைவுக்கும் பெரிய நோவாக உணரும் அளவுக்கு அவை கூர்மையாகின்றன. தூக்கமின்மை, மனச்சோர்வு, பயம் எல்லாம் அந்தக் கூர்மையைத் தீட்டும். முப்பது வருட யுத்தத்தையும் 2004 கடற்கோளையும் கண்ட குடும்பங்களில், வாராந்தக் கடன் தவணைக்குப் பயந்து உறங்காத பெண்களில், நாரி நோவை நாரியில் மட்டும் தேடுவது போதாது. இதைச் சொன்னால் “எல்லாம் மனதில்தான் என்கிறீர்களா?” என்று கோபம் வரும். இல்லை, நோவு உடம்பில்தான் இருக்கிறது. அந்த உடம்புக்குத் தூக்கமும் ஆறுதலும் மருந்தாகின்றன.

உடனே போக வேண்டியவர்கள்

ஆசனவாயையும் பிறப்புறுப்பையும் சுற்றி, கழுவும்போது கை படுவதே தெரியாத மரப்பு. சிறுநீர் போக முடியாமை அல்லது அறியாமல் போவது. மலம் அடக்க முடியாமை. இரண்டு காலிலும் கூடிக்கொண்டு போகும் பலவீனம். இவற்றில் ஒன்று இருந்தாலும் கிளினிக் நாளுக்குக் காத்திருக்காமல் அதே நாள், இரவானாலும், வைத்தியசாலையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும். நரம்புக் கற்றை நசிந்திருந்தால் மணித்தியாலங்கள் கணக்கு. மாலைக் காய்ச்சலும் மெலிவும் சேர்ந்த நாரி நோவு முதுகெலும்புக் காசநோயாக இருக்கலாம். முன்பு புற்றுநோய் வந்தவர், மரத்திலிருந்தோ கூரையிலிருந்தோ விழுந்தவர், நெடுநாள் ஸ்டீரொய்ட் எடுத்தவர், சறுக்கி விழுந்த முதிய பெண் ஆகியோர் தாமதிக்கக் கூடாது. குதிக்காலால் நடக்கவோ நுனிக்காலில் நிற்கவோ ஒரு கால் மறுத்தால் அதையும் அந்த வாரத்துக்குள் காட்ட வேண்டும். விலாவின் கீழிருந்து தொடை இடுக்கை நோக்கி அலை அலையாக வரும் வலி, சிறுநீர் எரிவோடு வந்தால், குந்துவதோடு தொடர்பில்லாத சிறுநீரகக் கல்லாக இருக்கக்கூடும்.

மற்றவர்கள் மட்டக்களப்பு போதனா வைத்தியசாலை, அம்பாறை, கல்முனை வைத்தியசாலைகள் என்று தமக்கு அருகிலுள்ள அரச வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவில் காட்டி, இயன்மருத்துவரிடம் (பிசியோதெரபிஸ்ட்) அனுப்பச் சொல்லிக் கேட்கலாம், இலவசம்தான். அங்கே கிடைக்கும் நேரம் குறைவு. ஆகவே “நாரி நோகிறது” என்பதோடு நிறுத்தாமல், குந்தும்போது நோகிறதா எழும்பும்போது நோகிறதா, காலையிலா மாலையிலா, முழங்காலுக்குக் கீழே இறங்குகிறதா, நடந்தால் கூடுகிறதா குறைகிறதா, நாளில் எவ்வளவு நேரம் எந்த வேலைக்காகக் குந்துகிறீர்கள், இதுவரை என்ன மாத்திரை எத்தனை நாள் எடுத்தீர்கள் என்பதை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக்கொண்டு போங்கள். முடிந்தால் நீங்கள் வீட்டில் குந்தி வேலை செய்வதைப் பக்கவாட்டிலிருந்து யாராவது தொலைபேசியில் ஒரு நிமிடம் படம் பிடித்துத் தரட்டும். எக்ஸ்ரேயில் தெரியாத பலவற்றை இயன்மருத்துவர் அதில் பார்த்துவிடுவார்.